கமிட்டித் தோட்டத்துக் குளத்தில் படகு வலித்த விவரம்

ஸ்ரீ

சின்ன காஞ்சீபுரம்,
யுவ வருஷம் மாசி மாதம் 4-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

திருவல்லிக்கேணியில் இருக்கும் சிரஞ்சீவி முரளீதரனுக்கு அத்திம்பேர் ஆராவமுதன் மனப்பூர்வமாக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடத்தில் நான், பசு, கன்று மூவரும் சௌக்கியம். அவ்விடத்தில் நீ, உன் ஆம்படையாள் மங்கை, குழந்தைகள், எட்டு நாளாக அங்கே வந்து தங்கியிருக்கும் உன் அக்கா ஹேமாம்புஜம் ஆகிய எல்லோருடைய சௌக்கியத்துக்கும் ஒரு கார்டு போடவும். கடைசியாகச் சொன்னவரைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன் அக்கா நடந்ததை உன்னிடம் சொல்லியிருப்பாள். அல்லது ஒன்றுமே சொல்லாமல் கூடத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இரண்டும் எனக்குப் பாதகம்தான். முப்பத்து மூன்று வருஷம் ரிஜிஸ்தர் கச்சேரியில் வேலை பார்த்து ஹெட் குமாஸ்தாவாகப் பென்ஷன் வாங்கினவன் நான். ஒரு தரப்பு வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பத்திரமும் பதிவாகாது என்பது எனக்குத் தெரியும். ஆகையால் என் தரப்பையும் எழுதி அனுப்புகிறேன். படித்துப் பார்த்து, நியாயம் எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை, உன் அக்காவை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ரயிலேற்றி அனுப்பிவைக்கவேண்டியது. இதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். மற்றதெல்லாம் விவரம்.

நான் இங்கே கஷ்டப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தளிகை நானே செய்துகொள்கிறேன். முதல் நாள் சாதம் குழைந்தது, இரண்டாம் நாள் அடிப்பிடித்தது, மூன்றாம் நாள் அரிசி களைந்து வைத்துவிட்டு அடுப்பு மூட்ட மறந்துபோனேன், அன்று கோவிலில் புளியோதரை கிடைத்தது. ரசம் மட்டும் தினமும் சுமாராக வந்துவிடுகிறது. வைஷ்ணவன் எழுதுகிற கடிதத்தில் சாத்தமுது என்று எழுதாமல் ரசம் என்று எழுதுகிறேனே என்று நீ சிரிப்பாய். நம்மகத்தில் அதற்கு ரசம் என்று பெயர் வந்த காரணம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வாக்குமூலத்தில் அது இருக்க வேண்டும். ஆம்படையான் பெயரைப் பெண்டுகள் சொல்லக்கூடாது என்பது எல்லா அகத்திலும் உள்ள வழக்கம். உன் அக்கா அதற்கும் ஒரு படி மேலே. என் பெயரில் அமுது இருக்கிறது என்பதற்காக, நம்மவர் தளிகையில் அமுது என்று முடிகிற ஒரு பதார்த்தத்தையும் அவள் முப்பத்திரண்டு வருஷமாக வாயால் சொன்னதில்லை. சாத்தமுதை ரசம் என்பாள், கறியமுதை வதக்கல் என்பாள், திருக்கண்ணமுது செய்கிற நாளில் 'தித்திப்பு' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். நம் பெண் புக்ககம் போய் முதல் நாள் 'ரசம் போடட்டுமா' என்று கேட்டதில் சம்பந்திகள் நம் குலத்தையே சந்தேகப்பட்டு, நான் கும்பகோணம் வரைக்கும் போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்தேன். இப்பேர்ப்பட்டவள்தான் உன் அக்கா. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

இங்கே முனிசிபாலிடியார் உபயத்தில் கமிட்டித் தோட்டம் என்று ஒன்று ஏற்பட்டிருக்கிறது. அதில் ஒரு குளம். அதற்கு எல்லை கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே நெசவாளிகள் காலையில் பாவு நூல் நீட்டுகிற திடல், வடக்கே தென்னந்தோப்பு, தெற்கே சிமெண்டு பெஞ்சு நாலு. மேற்படி குளத்தில் ஐப்பசி மழைக்கு அப்புறம் இரண்டு படகு விட்டிருக்கிறார்கள். குத்தகை எடுத்திருப்பவன் முனிசாமி. இவன் ஸ்டேஷனுக்கும் நம் தெருவுக்கும் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தானே, அவனேதான். பஸ் வந்தபிறகு குதிரைக்கு வேலை இல்லை என்று குதிரைகளை விற்றுவிட்டுப் படகுக்கு வந்துவிட்டான். குதிரைகளின் பெயரையே படகுகளுக்கு வைத்திருக்கிறான், ராணி என்றும் சுல்தான் என்றும். இதுக்குக் கொள்ளும் வேண்டியதில்லை, லாடமும் வேண்டியதில்லை என்று அவனுக்குத் திருப்தி. ஆனால் படகு கரையை விட்டுக் கிளம்பும்போது இன்னமும் நாக்கால் 'டக் டக்' என்று சத்தம் கொடுத்துத்தான் தள்ளிவிடுகிறான்.

அங்கே நான் ஏன் போனேன் என்று நீ கேட்பாய். போன வருஷம் தெப்போற்சவத்தின்போது உன் அக்கா கூட்டத்தில் நின்றுகொண்டு, 'பெருமாளுக்கென்ன, ஜிலுஜிலுன்னு சுத்தி வரார்' என்று சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற தூணிடம் சொன்னாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் இன்னது வேண்டும் என்று என்னைக் கேட்டதில்லை. இதையும் கேட்டதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் அதை மனசில் குறித்துக்கொண்டேன். கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தவரை அவளை நான் கோவிலைத் தவிர ஓரிடத்துக்கும் அழைத்துப் போனதில்லை, அது எனக்கே வெட்கமாக இருந்தது. பென்ஷன் ஆனதும் செய்யவேண்டிய முதல் காரியம் இதுதான் என்று வைத்திருந்தேன். அமாவாசை அன்று நெசவாளிகளுக்குத் தறி கிடையாது, குளத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வெள்ளிக்கிழமை அவள் கோவிலுக்குப் போவாள். ஆகவே தை மாதம் 23-ந் தேதி புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி என்று நாள் பார்த்து, மடிசாரோடு அவளை அழைத்துக்கொண்டு போனேன். அழைத்துக்கொண்டு என்றால், வழக்கப்படி நான் முன்னே பத்தடி, அவள் பின்னே பத்தடி.

படகில் ஏறினதிலிருந்தே கோளாறு. நான் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தேன், எந்த மனுஷனும் அப்படித்தான் உட்காருவான். முனிசாமி என்னை எழுப்பித் திருப்பி உட்காரவைத்தான். படகு வலிக்கிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காரவேண்டுமாம். இது என்னடா கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை என்றேன். துரைகளே அப்படித்தான் வலிக்கிறார்கள் என்றான். வழி தெரியாதே என்றதற்கு அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லா வம்பும் இருக்கிறது.

“நீ இன்னாத்துக்கு சாமி பாக்கணும்? எதுர்ல குந்திக்கினு கீறாங்களே அம்மா, அவுங்க பாத்துச் சொல்வாங்கோ. நீ பாட்டுக்கு வலி.”

நான் உன் அக்காவைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள். நாலு பேர் எதிரில் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசி அறியாதவள் அவள். தெருவில் ஏதாவது சொல்லவேண்டுமானால் வாசல் கதவிடம் சொல்வாள், கோவிலில் தூணிடம் சொல்வாள். நடுக்குளத்தில் கதவும் கிடையாது, தூணும் கிடையாது. இந்த விஷயத்தை முனிசாமியும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவன் நாக்கால் 'டக்' என்று சொல்லி ராணியைத் தள்ளிவிட்டான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது உனக்கு மட்டும். உன் அக்காவின் முகத்துக்கு நேராக நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை, முரளி. சாப்பிடும்போது அவள் பரிமாறுகிற கைதான் தெரியும், நடக்கும்போது பின்னால் மெட்டிச் சத்தம்தான் கேட்கும். இங்கே முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிறது. அவளுக்கு இடது காதண்டை இவ்வளவு நரைத்திருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், 'பசு பால் எவ்வளவு கறந்தது' என்று கேட்டேன். காலையிலும் அதையேதான் கேட்டிருந்தேன்.

குளத்தின் நடுவில் நீராழி மண்டபம் இருக்கிறது. அதற்குள் மூர்த்தி கிடையாது, புறா நாலைந்து உண்டு. ஆனாலும் தண்ணீருக்கு நடுவில் ஒரு மண்டபத்தைக் கண்டால் நம் ஊர் ஜனங்கள் அதைப் பிரதட்சிணமாகத்தான் சுற்றுவார்கள். முனிசாமி அப்படி ஒன்றும் சட்டம் எழுதி மாட்டவில்லை, அவசியமும் இல்லை. மூன்று சுற்று, ஐந்து சுற்று என்று ஒற்றைப்படையில் முடித்துக்கொண்டுதான் கரையேறுவார்கள். நாலாவது சுற்றில் நேரம் முடிந்துவிட்டால் ஐந்தாவதை அவனிடம் கெஞ்சி வாங்கிக்கொள்வார்கள். நானும் அந்த உத்தேசத்தில்தான் ஆரம்பித்தேன். பிரதட்சிணம் என்றால் மண்டபம் நம் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும், ஐந்து வயசிலிருந்து தெரிந்த விஷயம். ஆகவே மண்டபத்தை வலக்கைப் பக்கமே வைத்துக்கொண்டு வெகு ஜாக்கிரதையாக வலித்தேன். முதுகு போகிற திசையிலும் முகம் வந்த திசையிலும் இருக்கும்போது என்னுடைய வலது படகுக்கு இடதாகிவிடும் என்பதை நேற்று ஒரு காகிதத்தில் படம் போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆக, நான் அப்பிரதட்சிணமாகப் போய்க்கொண்டிருந்தேன். அது எந்தக் காரியத்தில் செய்வது என்று உனக்குச் சொல்லவேண்டாம்.

உன் அக்காவுக்கு இது முதல் கால் சுற்றிலேயே தெரிந்துபோயிற்று. அவள் முகம் மாறிவிட்டது. திருமாங்கல்யத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வளையலைக் குலுக்கினாள். இருமினாள். குளிர்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் இன்னும் வேகமாக வலித்தேன். அப்புறம் தண்ணீரில் இருந்த மீனைப் பார்த்து, 'சில பேர் வழி மாறிப் போறா போலிருக்கு' என்றாள். யார் என்று கேட்டேன். 'யாரோ' என்றாள். தென்னந்தோப்புப் பக்கம் திரும்பினபோது, 'எதிர்க்க ஒரு படகு வரதாம்' என்றாள். வரட்டுமே, குளம் பொதுச்சொத்துதானே என்று சொல்லிவிட்டேன். வந்தது சுல்தான். அதில் பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளி தனசேகரனும் அவன் பெண்சாதி கங்கையம்மாளும் குழந்தைகள் நாலு பேரும். அவர்கள் முறைப்படி பிரதட்சிணமாக வருகிறார்கள். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து காலும் கையும் ஒன்றாக ஓடிப் பழகினவன், அவன் வலிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவனுக்கும் போகிற திசையில் முதுகுதானே. கங்கையம்மாள் மடியில் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்ததால் அவளும் பார்க்கவில்லை. இரண்டு படகிலும் சேர்த்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் உன் அக்கா ஒருத்திதான்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா. என்னிடம் சொல்லவில்லை. கரையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த முனிசாமியைக் கூப்பிட்டு, 'முனிசாமி, அவரண்டை சொல்லு, இந்தப் பக்கம் திருப்பணுமாம்' என்று கையைக் காட்டினாள். நான் அவளுக்கு இரண்டு முழ தூரத்தில் இருக்கிறேன், முனிசாமி அரை பர்லாங்கில் இருக்கிறான். அவனுக்கு முதலில் காது கேட்கவில்லை, இரண்டாம் தடவை கேட்டது. கேட்டவன் உடனே கையைக் குவித்துக்கொண்டு, “சாமியோவ், அம்மா சொல்றாங்கோ, பீச்சாங்கைப் பக்கமா இழு” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். என்னுடைய இடதுகையா, உன் அக்காவின் இடதுகையா, கரையில் எங்களைப் பார்த்து நிற்கிற அவனுடைய இடதுகையா என்பது தெளிவாக இல்லை. பத்திரத்தில் சந்தேகம் வந்தால் எழுதினவனைக் கேட்டுத் தெளிவு பண்ணிக்கொண்டுதான் மேலே போகவேண்டும், கச்சேரி வழக்கம் அதுதான். ஆகவே யாருடைய பீச்சாங்கை என்று முனிசாமியைத் திரும்பக் கேட்டேன். கேட்டுக்கொண்டே வலித்தேன். அங்கேதான் தப்பு என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. உன் அக்கா படகில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு,

“டேய் ஆராவமுது, நிறுத்துடா!”

என்று கூப்பிட்டாள்.

நீ நம்பமாட்டாய். நானே நம்பவில்லை. டேய் என்றும் டா என்றும் அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். என் பெயரை அவள் கேட்டதெல்லாம் ஒரே வாயிலிருந்துதான், என் அம்மாவின் வாயிலிருந்து. இருபத்தோரு வருஷம் அந்த அகத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள். அந்தப் பெயரை வேறு மாதிரி கூப்பிட அவளுக்குத் தெரியாது. ஆபத்து வந்தபோது முப்பத்திரண்டு வருஷமாக உள்ளே கிடந்தது முழுசாக அப்படியே வந்துவிட்டது, அம்மாவின் அதட்டல், இழுப்பு எல்லாம் சேர்த்து. அம்மா அப்படிக் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்பேன், அது சின்ன வயசிலிருந்து பழக்கம். அன்றும் எழுந்து நின்றேன். படகில் எழுந்து நிற்கக்கூடாது என்று முனிசாமி சொல்லியிருந்தது உண்மைதான்.

குளத்தில் இடுப்பளவுதான் தண்ணீர், ஆகையால் உயிருக்கு ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடி போயிற்று. படகுகள் இரண்டும் மெதுவாகத்தான் இடித்துக்கொண்டன. தனசேகரன் குதித்து என்னைப் பிடித்துக்கொண்டான். உன் அக்காவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஆனால் அவள் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தவள் எடுக்கவே இல்லை. கரையில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். கங்கையம்மாள் அந்தப் படகிலிருந்து கையை நீட்டி அவள் தோளைத் தொட்டு, “இன்னாம்மா ஆயிடுச்சு இப்போ? பேரு வெச்சது கூப்புடத்தானே” என்றாள். நான் தண்ணீரில் நின்றுகொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அகத்துக்குத் திரும்பினோம். அன்று பத்தடிக்குப் பதில் இருபதடி பின்னால் வந்தாள்.

இத்தோடு நின்றிருந்தால் நாலு நாளில் எல்லாம் சரியாகியிருக்கும். அவள் ரயிலேறினது படகினால் அல்ல என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மறுநாள் காலையில் கோவிலில் தீர்த்தத்துக்கு நிற்கும்போது பக்கத்தில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆகவே அதற்குப் பக்கத்தில் இருந்தவரிடமும் சொன்னேன். தபால்காரனிடம் சொன்னேன். பழைய கச்சேரிக்கு ஒரு நடை போய் அங்கே இருக்கிறவர்களிடம் சொன்னேன். இரண்டு நாளில் ஏழு பேரிடம் சொல்லியிருப்பேன், ஒவ்வொரு தடவையும் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்தகத்துப் பரசுராமன் கொல்லைச் சுவர் மேல் எட்டிப் பார்த்து, 'டேய் ஆராவமுது, கன்னுக்குட்டி அவுத்துண்டு போறதுடா' என்றான். கன்று கட்டின இடத்திலேயேதான் நின்றது. கிணற்றடியில் இருந்த உன் அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் சனிக்கிழமை, கிழக்கே சூலம் என்றுகூடப் பாராமல், துளசிமாடத்தைப் பார்த்து, 'திருவல்லிக்கேணிக்குப் போறேன்' என்று சொல்லிவிட்டு மூட்டையோடு புறப்பட்டாள். எப்போது வருவாய் என்று நானும் துளசிமாடத்தைத்தான் கேட்டேன்.

நான் ஏன் அப்படி ஊரெல்லாம் சொன்னேன் என்று எட்டு நாளாக யோசித்தேன். அவளைக் கேலி பண்ணவேண்டும் என்று இல்லை, அது சத்தியம். அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. கச்சேரியில் ஹெட் குமாஸ்தா, தெருவில் அய்யங்கார் சாமி, பெண்ணுக்கு அப்பா, உனக்கு அத்திம்பேர், உன் அக்காவுக்கு 'ஏன்னா'. பென்ஷன் ஆனபிறகு ஹெட் குமாஸ்தாவும் போயிற்று. நடுக்குளத்தில் அவள் கூப்பிட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, முரளி. அதை அவளிடம் சொல்லத் தெரியாமல் ஊரில் ஏழு பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லவேண்டியவளிடம் மட்டும் சொல்லவில்லை. இதை நீ அவளுக்குப் படித்துக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி. காட்டினால் நல்லது.

மேலும் அவளுக்குத் தைரியம் ஏற்படுவதற்காக நான் செய்திருக்கும் ஏற்பாடுகளையும் சொல்லிவிடு. ஒன்று, அந்தக் குளத்தின் பக்கம் இந்த ஜன்மத்தில் போவதில்லை என்று சங்கல்பம் செய்துவிட்டேன். இன்னொன்று, கமிட்டித் தோட்டத்தில் படகு விடுவது குடும்பஸ்தர்களின் மரியாதைக்கு ஹானி என்றும் உடனே நிறுத்தவேண்டும் என்றும் ஒரு மகஜர் எழுதிப் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். பரசுராமனோடு பேச்சு வார்த்தை கிடையாது. இனிமேல் அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடமாட்டேன். நடந்தது நடக்காத மாதிரிதான். அவள் வந்தால் போதும். வீடு வெறிச்சென்று இருக்கிறது. பசு பால் எவ்வளவு கறந்தது என்று கேட்கக்கூட ஆளில்லை, நானே கறந்து நானே அளந்து நானே தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். மங்கைக்கும் ஆசீர்வாதம். உனக்குத் தீர்க்காயுசும், உத்தியோகத்தில் மேன்மையும், அக்காவிடம் நல்லபடியாக எடுத்துச் சொல்கிற வாக்கு சாதுரியமும் பெருமாள் அருளவேண்டும்.

இப்படிக்கு,
ஆராவமுதன்

பின்குறிப்பு: மேலே கண்டது நேற்று எழுதியது. இன்று திங்கட்கிழமை. உறையை மூடி ஸ்டாம்பு ஒட்டித் தபாலாபீசுக்குக் கிளம்பி வாசற்படி இறங்கினேன், உன் அக்கா மூட்டையோடு எதிரே வருகிறாள். திங்கட்கிழமை மேற்கே சூலம் இல்லை என்று பார்த்தே புறப்பட்டிருக்கிறாள். அவளை ரயிலேற்றிவிட்டவன் நீதானே, முன்கூட்டி ஒரு கார்டு போட்டிருந்தால் நான் நாலு தாள் எழுதியிருக்கவேண்டியதில்லை. மேல்விலாசத்தைப் பார்த்ததும் கையிலிருந்து உறையை வாங்கி, பிரித்து, நின்றபடியே முழுக்கப் படித்தாள். சந்தோஷமாக இருந்தது என்று எழுதின இடத்தை மட்டும் இரண்டு தரம் படித்தாள். திருத்தம் ஒன்றே ஒன்று சொன்னாள். 'நிறுத்து' என்றுதான் அவள் சொன்னாளாம், 'டா' என்பது நான் கச்சேரிக்குப் போய்ச் சொல்லும்போது சேர்த்துக்கொண்டதாம். இதில் எனக்கு ஆட்சேபணை உண்டு, ஆனால் வற்புறுத்தவில்லை.

முரளி, உங்கள் அகத்தில் எட்டு நாளாக என்ன நடந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. மங்கை படகு விஷயத்தைக் கேட்டாளாம், இவள் சொன்னாளாம். மங்கை பக்கத்தகத்து மாமியை அழைத்து வந்தாளாம், மறுபடியும் சொன்னாளாம். நாலாம் நாள் அங்கே கோவில் குளத்துப் படித்துறையில் பத்துப் பெண்டுகள் உட்கார்ந்துகொண்டு, அந்த இடத்தைத் திரும்பச் சொல்லுங்கோ மாமி, திரும்பச் சொல்லுங்கோ என்று கேட்டார்களாம். நான் ஏழு பேரிடம் சொன்னது குற்றம், நீ திருவல்லிக்கேணி முழுக்கச் சொன்னது குற்றம் இல்லையா என்று உன் அக்காவைக் கேட்டேன். தூணைப் பார்க்காமல், கதவைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, “கூப்பிட்டது யார்? நான்தானே. நான் சொன்னா அது என் கதை, நீங்க சொன்னா வம்பு” என்றாள்.

வரும் வழியிலேயே கமிட்டித் தோட்டத்தில் இறங்கி, வருகிற புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ராணி வேண்டும் என்று முனிசாமியிடம் சொல்லிவைத்துவிட்டு வந்திருக்கிறாள். அப்பிரதட்சிணமாகப் போன தோஷம் கழிய ஐந்து சுற்றுப் பிரதட்சிணமாகப் போகவேண்டுமாம். துடுப்பு அவள் பிடிப்பாளாம், நான் எதிரே உட்கார்ந்து வழி சொல்லவேண்டுமாம். ஆகவே மகஜரைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டேன். கையெழுத்துப் போட்டவர்களில் நாலு பேர் வேடிக்கை பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சங்கல்பத்துக்குப் பரிகாரம் உண்டா என்று சாஸ்திரிகளைக் கேட்கவேண்டும். மேலே எழுதினதில் எந்த விஷயத்தைப் பற்றியும் நீ நடவடிக்கை எடுக்கவேண்டியதில்லை. ஸ்டாம்பு வீணாகக்கூடாது என்பதற்காக உறையைத் திரும்ப ஒட்டி அனுப்புகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து, “எழுதினது போறும், வாங்கோ. சாத்தமுது ஆறிண்டிருக்கு” என்று குரல் வந்தது. நன்றாகவே காதில் விழுந்தது. விழாதவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், இன்னொரு தரம் சொல்லட்டும்.